ஸ்க்ரூ டிரைவருக்கு எட்டாத இடம்

யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985-ல் வந்தது, 1996-ல் நின்றது. அதன் கார்பரேட்டருக்குள் இருக்கும் பித்தளை ஜெட், எத்தனால் வாசனையே இல்லாத பெட்ரோலுக்காக அளவெடுத்துத் துளை போடப்பட்டது. இன்று பங்க்கில் அந்த வண்டிக்குள் இறங்குவது வேறு சரக்கு. 2022 ஜூனில் பத்து சதவீத எத்தனால் கலப்பை நாடு எட்டியது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் இருபது சதவீதம் கலந்த இ20 பெட்ரோலைப் பிரதமர் தொடங்கிவைத்தார். 2030-க்கு என்று முதலில் வைத்திருந்த இருபது சதவீத இலக்கு முன்னுக்கு இழுக்கப்பட்டு, 2025-லேயே நாடெங்கும் அதுவே வழக்கமான பெட்ரோலாகிவிட்டது. டேங்கில் இருப்பது மாறிவிட்டது. ஜெட் மாறவில்லை.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பார்க்கும் ஒர்க்‌ஷாப்களில் புகார் இப்படித்தான் வரும்: “அண்ணே, காலையில ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குது”, “திருகுனா ஒரு செகண்டு முழிக்குது”, “புல்லிங்கே இல்லண்ணே.” உடனே ஸ்க்ரூ டிரைவர் கார்பரேட்டரின் பக்கவாட்டுக்குப் போகும். அங்கே இருக்கும் ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று அந்தப் பக்கம், கால் சுற்று இந்தப் பக்கம். ஐடிலிங் சீராகிவிடும். வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். பிறகு ஒருநாள் பைபாஸில் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்திருக்கும்போது பிஸ்டன் பிடிக்கும், பின்சக்கரம் பூட்டும். ‘டியூனிங் பண்ணித்தானே வாங்கினேன்’ என்பார்.

உண்மையில் டியூனிங் நடக்கவே இல்லை. ஏர் ஸ்க்ரூவின் ஆட்சி ஐடிலிங்கிலும் அதற்குச் சற்று மேலும் மட்டும்தான். ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்தபின் அதை எப்படித் திருகினாலும் கலவை அசையாது. கலவையை மாற்ற வெளியிலிருந்து கைக்கு எட்டும் திருகு அது ஒன்றுதான் என்பதால், எல்லாக் குற்றத்துக்கும் அதையே திருகிப் பழகிவிட்டோம். டியூனிங் என்றால் கைராசி, காதுராசி என்று ஒரு புராணமும் சேர்ந்துவிட்டது. காது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் எந்த ஜெட் வேலை செய்கிறது என்று தெரியாத காதால் பயனில்லை.

நான்கு பேர் செய்யும் வேலை

குறுகலான வழியில் காற்று வேகமெடுக்கும். வேகமெடுத்த இடத்தில் அழுத்தம் குறையும். இத்தாலிக்காரர் ஜியோவன்னி பட்டிஸ்டா வெஞ்சூரி 1797-ல் எழுதி வைத்தது இது. அந்தக் குறைந்த அழுத்தம் பெட்ரோலை ஜெட் வழியாக உறிஞ்சித் தூறலாக்குகிறது. வில்ஹெல்ம் மைபாக்கும், ஹங்கேரியில் பாங்கியும் சோங்காவும் 1893-ல் இந்தத் தூறல் கார்பரேட்டருக்குத் தனித்தனியே காப்புரிமை பெற்றார்கள். அடிப்படை அன்றிலிருந்து மாறவில்லை.

சிக்கல் இதுதான். ஒரே ஒரு துளை வைத்தால் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் போதாது, வேகத்தில் அதிகமாகும். அதனால் ஆக்ஸிலேட்டரின் திறப்பைப் பொறுத்து வேலையைப் பங்கு பிரித்திருக்கிறார்கள். ஆர்எக்ஸ் 100-ல் இருப்பது மிக்குனி விஎம்20. 20 என்பது காற்று போகும் வழியின் அகலம், மில்லிமீட்டரில். ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும் நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் கவனித்துக்கொள்ளும். அங்கிருந்து கால் பங்கு வரை, ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது மேலே எழும் ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டியிருக்கும் வெட்டுக்குத்தான் முக்கியப் பங்கு. கால் பங்கிலிருந்து முக்கால் வரை நீடில். ஸ்லைடு மேலே போகப் போகக் கூர்மையான நீடிலும் மேலே எழுந்து, அது அடைத்திருந்த துளையை மெல்லத் திறந்துவிடும். கடைசிக் கால் பங்குக்கு மெயின் ஜெட். எல்லைகள் கோடு போட்டதுபோல் இருக்காது, ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும்.

நகரத்தில் ஓட்டுகிறவரின் வாழ்க்கை முழுக்க முதல் பாதித் திறப்பிலேயே கழிந்துவிடுகிறது. மெயின் ஜெட் சிறியதாக இருந்தாலும் அவருக்குத் தெரியவே தெரியாது. அது தெரியும் நாள்தான் மேலே சொன்ன பைபாஸ் நாள்.

டூ ஸ்ட்ரோக்கில் இதற்குத் தண்டனை கடுமை. பெட்ரோல் குறைந்த கலவையை ஒர்க்‌ஷாப் பாஷையில் ‘லீன்’ என்பார்கள். முழு வேகத்தில் கலவை லீனானால் எரியும் அறையில் சூடு ஏறும். உள்ளே வரும் பெட்ரோல் ஆவியாகும்போது உறிஞ்சிக்கொள்ளும் சூடும் குறையும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்வும், இல்லையென்றால் தலையில் ஓட்டை விழும். பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றும் வண்டியாக இருந்தால் ஆயிலும் அதே அளவு குறையும். ஆர்எக்ஸ் 100-ல் ஆயிலுக்குத் தனி பம்ப் உண்டு என்பதால் அந்த ஒரு ஆபத்து மட்டும் இல்லை. மறுபக்கம், பெட்ரோல் கூடினால் புகை, கரி, அடைத்த பிளக், காலியான பர்ஸ், அதோடு போயிற்று. அதனால்தான் விவரமுள்ளவர்கள் பெரிய ஜெட்டில் தொடங்கிச் சிறியதை நோக்கி வருவார்கள். எதிர்த்திசையில் போகிறவர்கள் போரிங் கடைக்குத் தொடர்ந்து வேலை கொடுப்பார்கள்.

எத்தனால் செய்யும் கணக்கு

ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுக்க எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் தனக்குள்ளேயே ஆக்ஸிஜனைச் சுமந்துகொண்டு வருவதால் அதற்கு 9 கிலோ போதும். இருபது சதவீதம் கலந்த பெட்ரோலுக்குக் கணக்கு சுமார் 13.5-ல் வந்து நிற்கும். அதே துளை வழியாக அதே அளவு திரவம் போகும்போது, என்ஜின் பார்வையில் கலவை எட்டு சதவீதம் போல லீனாகிவிட்டது என்று பொருள். மெயின் ஜெட்டில் ஒன்றிரண்டு படி குறைத்துப் போட்டதற்குச் சமம் இது. யாரும் கார்பரேட்டரைத் தொடவே இல்லை. ஆனாலும் ஜெட் மாறிப்போனது.

புதிய வண்டிகளுக்கு இது பிரச்சினை இல்லை. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 புகை விதி வந்ததும் இருசக்கர வாகனங்களில் கார்பரேட்டரின் காலம் ஏறக்குறைய முடிந்தது. எரிபொருளை ஊசியால் தெளிக்கும் வண்டிகளில் புகைக்குழாயில் இருக்கும் சென்சார் ஆக்ஸிஜனை முகர்ந்து பார்த்து, பெட்ரோல் குறைந்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். கார்பரேட்டருக்கு மூக்கு கிடையாது.

இ20 போட்டாலே பிஸ்டன் போய்விடும் என்று ஒரு பயம் உலவுகிறது. அது மிகை என்பதே என் கட்சி. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். ஆவியாகும்போது பெட்ரோலைவிடப் பல மடங்கு சூட்டை உறிஞ்சும். லீனாவதால் வரும் ஆபத்தில் ஒரு பகுதியை அதுவே ஈடுகட்டிவிடுகிறது. மேலும், காற்றால் மட்டும் குளிரும் டூ ஸ்ட்ரோக்குக்குக் கம்பெனிகள் கொஞ்சம் தாராளமாகவே பெட்ரோல் கொடுத்து அனுப்புவது வழக்கம். கம்பெனி அமைப்பு கலையாத வண்டி தப்பித்துக்கொள்ளும். மாட்டிக்கொள்வது யாரென்றால், மைலேஜுக்காக நீடிலை ஒரு படி இறக்கி, சத்தத்துக்காக சைலன்சரின் உள்குழாயை உருவி, ‘ஃப்ரீயா மூச்சு விடட்டும்’ என்று ஏர் ஃபில்டரையும் கழற்றிவிட்டவர்கள். இவை ஒவ்வொன்றும் கலவையை லீன் பக்கம் தள்ளும். அதன்மேல் எத்தனால் வந்து உட்காருகிறது. பாதுகாப்புக்காக வைத்திருந்த இருப்பை முதலிலேயே செலவழித்துவிட்டு, பழியை பங்க்கின்மேல் போடுவதில் நியாயமில்லை.

மைலேஜ் விஷயத்திலும் தெளிவு வேண்டும். எத்தனாலை அளவிட்டுப் பார்த்தால் ஒரு லிட்டரில் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் இருக்கிறது. பழைய வடிவமைப்பு இருசக்கர வாகனங்களில் இ20-ஆல் மூன்று, நான்கு சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. இழந்ததைப் பிடிக்கிறேன் என்று ஜெட்டைச் சிறிதாக்கினால் மைலேஜ் வராது. ஏற்கெனவே லீனாக இருப்பது இன்னும் லீனாகும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே

காற்று மாறினால் என்ன ஆகும் என்பதைக் காட்ட நம் ஊரிலேயே ஒரு சோதனைச் சாலை இருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குச் சற்று மேல். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஊட்டிக்குப் போனால் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி பதினைந்து முதல் இருபது சதவீதம் குறைவு. பெட்ரோல் அதே விகிதத்தில் குறைவதில்லை. உறிஞ்சும் விசைக்கும் பாயும் அளவுக்கும் உள்ள உறவு வர்க்கமூலக் கணக்கில் போவதால் கலவை சுமார் பத்து சதவீதம் ‘ரிச்’ ஆகும், அதாவது பெட்ரோல் கூடும். குன்னூரைத் தாண்டியதும் வண்டி பொருமும். டூ ஸ்ட்ரோக்காக இருந்தால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிந்து, ஃபோர் ஸ்ட்ரோக் போலத் தடதடக்கும்.

இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனால் எட்டு சதவீதம் லீனாக்குகிறது. ஊட்டி பத்து சதவீதம் ரிச்சாக்குகிறது. சமவெளியில் சுத்தப் பெட்ரோலுக்கு அமைத்த பழைய வண்டி, இ20 நிரப்பிக்கொண்டு ஊட்டிக்கு ஏறினால் கலவை கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கும்! ‘கீழே மக்கர் பண்ணுது, மலையில் பட்டாசு மாதிரி ஓடுது’ என்று ஒருவர் சொன்னால், அது மலைக்காற்றின் மகிமை அல்ல. வண்டி கீழே லீனாக ஓடுகிறது என்பதற்கான சாட்சியம்.

நேர்மாறான நிலைதான் பயமானது. ஊட்டியில் வாழும் வண்டிக்கு அங்கேயே மெயின் ஜெட்டைக் குறைத்து அருமையாக அமைத்திருப்பார்கள். அதையே கோயம்புத்தூருக்கு இறக்கி அவினாசி சாலையில் விரட்டினால் பிஸ்டன் தாங்காது. மலை வண்டியைச் சமவெளியில் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

சென்னையில் கோடைக்கும் மார்கழிக்கும் ஜெட் மாற்ற வேண்டுமா என்று ஆர்வலர்கள் கேட்பதுண்டு. இருபது டிகிரி காலைக்கும் நாற்பது டிகிரி மதியத்துக்கும் நடுவே காற்றின் அடர்த்தி ஆறு சதவீதம் மாறும். கலவையில் அது மூன்று சதவீதம்தான். பந்தயத்தில் ஓடுகிறவர் பார்க்கலாம். பால் வாங்கப் போகிறவர் சும்மா இருக்கலாம்.

முறையாகச் செய்தால்

ஜெட்டைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. இவற்றைத் தாண்டிக் குதித்தால் எல்லாம் வீண். ஏர் ஃபில்டர் சுத்தமாகத் தன் இடத்தில் இருக்க வேண்டும். ஃப்ளோட் சரியான உயரத்தில் நிற்க வேண்டும். ஃப்ளோட் மிதக்கும் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் மாறினால் மேலே சொன்ன எல்லா வட்டாரமும் சேர்ந்து மாறும். கார்பரேட்டரை என்ஜினோடு இணைக்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கக்கூடாது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஆயில் சீல்கள் தனிச் சனியன். மேக்னெட் பக்கச் சீல் போனால் அங்கிருந்து திருட்டுக் காற்று உள்ளே வரும், ஐடிலிங் தானாக எகிறும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை விடும். சீல் போன வண்டிக்கு ஜெட் மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

அடுத்து, ஆக்ஸிலேட்டர் கைப்பிடியில் ஒரு துண்டு டேப். அசையாத பாகத்தில் ஒரு கோடு, சுழலும் கைப்பிடியில் மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று கோடுகள். ஒர்க்‌ஷாப்பில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வண்டி எங்கே தடுமாறுகிறது என்பதை வேகமானியைப் பார்த்துச் சொன்னால் பயனில்லை. மூன்றாம் கியரில் ஐம்பது போகும்போது திறப்பு கால் பங்காகவும் இருக்கலாம், முழுசாகவும் இருக்கலாம். கோட்டைப் பார்த்துச் சொன்னால் குற்றவாளி யார் என்று உடனே தெரியும்.

என்ஜின் நன்றாகச் சூடான பிறகு மெயின் ஜெட்டிலிருந்து தொடங்க வேண்டும். வேண்டும் என்றே ஒரு படி பெரியது போட்டு, வாகனப் போக்குவரத்து இல்லாத இடத்தில் முழுத் திறப்பில் ஓட்டினால் பொருமும். ஒவ்வொரு படியாகக் குறைத்து, பொருமல் நின்று சத்தம் தெளியும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு அப்புறமும் ஒரு படி குறைத்தால் இன்னும் கூர்மையாக இழுக்கும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக்கூடாது. பிஸ்டன் பிடிப்பதற்கு முந்தைய வண்டிதான் எப்போதும் அபாரமாக ஓடும்.

பிறகு நீடில். அதன் தலையில் ஐந்து வரிப்பள்ளங்கள் இருக்கும், நடுவில் ஒரு கிளிப். கிளிப்பை மேல் பள்ளத்துக்கு மாற்றினால் நீடில் கீழே இறங்கும், கலவை லீனாகும். கீழ்ப் பள்ளத்துக்கு மாற்றினால் ரிச். பலர் இதைத் தலைகீழாகவே மனப்பாடம் செய்திருக்கிறார்கள். சீரான வேகத்தில் வண்டி முன்னும் பின்னும் இழுப்பதுபோல் ஆடினால் பெரும்பாலும் இங்கேதான் லீன். ஸ்லைடைக் கடைசி வரை தொட வேண்டாம். விலையும் அதிகம், தேவையும் அபூர்வம்.

ஏர் ஸ்க்ரூவின் முறை இப்போதுதான் வருகிறது. முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, அங்கிருந்து ஐடிலிங் எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே விட வேண்டும். டூ ஸ்ட்ரோக் மிக்குனியில் இது காற்றைத் திறக்கும் திருகு. வெளியே திருகினால் லீன். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் என்ஜின் பக்கமாக இருக்கும் திருகு பெட்ரோலைத் திறப்பது. வெளியே திருகினால் ரிச். இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒரே மாதிரி திருகும் கைகள் நிறைய. சரியான இடம் முக்கால் சுற்றுக்குள் வந்துவிட்டால் ஸ்லோ ஜெட் சிறியது. இரண்டரைக்கு மேல் போனால் பெரியது. அதாவது, இந்தத் திருகை ஒரு அளவுகோலாகப் படிக்கலாம். மருந்தாக நினைக்கும்போதுதான் வினை.

வேகமெடுத்துவிட்டு ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஆர்பிஎம் உடனே இறங்காமல் தொங்கினால் லீன் என்று கொள்ளலாம். ஓடும்போது சோக்கை லேசாக இழுத்துப் பார்ப்பது இன்னொரு பழைய சோதனை. விஎம்-மில் அந்த நெம்புகோல் காற்றை அடைப்பதில்லை, கூடுதல் பெட்ரோலுக்குத் தனி வழி திறக்கிறது. இழுத்ததும் வண்டி தேறினால் பசியில் இருந்தது என்று அர்த்தம்.

பிளக் நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முழுத் திறப்பில் ஓட்டி, அப்படியே இக்னிஷனை அணைத்து கிளட்சைப் பிடித்து நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது காலங்காலமான முறை: வெள்ளை என்றால் லீன், காப்பி நிறம் சரி, கறுப்பு ரிச். ஆனால் அந்தப் பாடம் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் எழுதியது. இந்தியாவில் ஈயம் 2000-ல் விடைபெற்றது. எத்தனால் சேர்ந்தபின் பிளக்கின் பீங்கான் இன்னும் வெளிறித்தான் தெரிகிறது. பழைய காப்பி நிறத்தைத் தேடி ஜெட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் புகைவண்டிதான் மிஞ்சும். நிறத்தைவிட, பீங்கானின் அடிவேரில் விழும் கரி வளையத்தை டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பது மேல்.

குண்டூசியும் போலி எண்ணும்

அடைத்த ஜெட்டைக் குண்டூசியால், கிளட்ச் கேபிளின் ஒற்றைக் கம்பியால் குத்தி எடுப்பது நம் ஊர் வழக்கம். பித்தளை மென்மையானது. ஒரு மில்லிமீட்டர் துளை 0.05 மில்லிமீட்டர் அகலமானால் பரப்பு பத்து சதவீதம் கூடிவிடும். கம்பி அதைச் சீராகச் செய்வதுமில்லை, கோணலாகச் செய்யும். அதன்பின் ஜெட்டின் தலையில் என்ன எண் பொறித்திருந்தாலும் அது பொய். கார்பரேட்டர் கிளீனரும் கம்ப்ரஸர் காற்றும் போதும்.

எண்ணிலும் சூது உண்டு. கெய்ஹின் ஜெட்டில் 100 என்றால் துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டர். மிக்குனியின் பெரிய அறுகோண ஜெட்டில் எண் என்பது பெட்ரோல் பாயும் அளவு. இரண்டிலும் 100 என்று எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றல்ல. சென்னைப் புதுப்பேட்டையில் கேட்டால் எல்லா எண்ணும் கிடைக்கும். பொறித்த எண்ணும் உள்ளே இருக்கும் துளையும் ஒத்துப்போகுமா என்பது வேறு விஷயம். அதனால் ஒரு செட் ஜெட் வாங்கினால் எல்லாம் ஒரே கம்பெனியுடையதாக இருக்க வேண்டும். கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்கப் போய்ப் போலி கார்பரேட்டரையே முழுசாக மாட்டுகிறவர்களுக்கு, நீடிலும் ஸ்லைடும்கூட யாருடைய அளவு என்று தெரியாது.

எரிபொருள் மாறியும் ஜெட் மாறாத கதையின் உச்சம் யாழ்ப்பாணத்தில் நடந்தது. 1990-களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கண்ணில் படாதபோது, மோட்டார் சைக்கிள்களும் பழைய மொரிஸ் மைனர், ஒஸ்டின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சிறு பிளாஸ்டிக் போத்தலிலிருந்து சில துளி பெட்ரோலைக் கார்பரேட்டருக்குள் விட்டு உதைத்து, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெயைப் பிடித்துக்கொள்ளச் செய்தார்கள். புகையும் கரியும் சொல்லி மாளாது; ஆனால் ஓடியது. சரியான கலவை, ஓடும் கலவை இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறது என்பதை அந்த ஊர் மெக்கானிக்குகளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள்.

பைக்குகளை விட்டுவிட்டாலும் கார்பரேட்டர் ஒழிந்துவிடவில்லை. புல் வெட்டும் இயந்திரம், மரம் அறுக்கும் செயின் சா, முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயர், சிறு ஜெனரேட்டர் எல்லாம் இன்னும் அதில்தான் ஓடுகின்றன. அவையும் அதே இ20-ஐத்தான் குடிக்கின்றன. டூ ஸ்ட்ரோக் வகைகளில் பலவற்றில் எல், ஹெச் என்று எழுதிய இரண்டு திருகுகள் இருக்கும்: எல் ஐடிலிங்குக்கு, ஹெச் முழு வேகத்துக்கு. இங்கே முழு வேகத்தின் கலவையும் வெளியே கைக்கு எட்டுகிறது என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். சத்தம் கூர்மையாகக் கேட்கிறது என்று ஹெச் திருகை உள்ளே முடுக்கிவிட்டால் அந்த மதியமே பிஸ்டன் கோடு கிழிந்துவிடும். சரியான அமைப்பில், சுமையில்லாமல் முழு வேகத்தில் லேசாகப் பொருமி, வெட்டத் தொடங்கியதும் சத்தம் தெளிய வேண்டும்.

இந்த இயந்திரங்களின் பெரிய எதிரி ஓட்டம் அல்ல, ஓய்வு. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியே பிரிந்து கிண்ணத்தின் அடியில் தங்கும்; ஸ்லோ ஜெட்டின் மயிரிழைத் துளையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். சில வாரங்களுக்கு வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிதிருகைத் திறந்து காலி செய்துவிட வேண்டும். மறுபடி எடுக்கும் நாளில் பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். அதன்பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஏர் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்.